போர்டைத் தொடும் முன்: நிலைமின்சாரத்திலிருந்து மின்னணுப் பொருள்களைக் காக்க முழுமையான வழிகாட்டி

உடம்பின் நிலைமின்சாரத்தை வெளியேற்றும் பட்டையான ரிஸ்ட் ஸ்ட்ராப்பை அழகாக மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அதன் கிளிப்பை எதிலும் பொருத்தாமல் நாள் முழுக்க வேலை செய்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் சர்க்யூட் போர்டைப் பையிலிருந்து உருவி மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஸ்ட்ராப்பைத் தேடினார். இருவரிடமும் நல்ல சாமான்கள் இருந்தன. எது முதலில், எது பிறகு என்பதுதான் தெரியவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையையே இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் ராம் மாற்றுவதானாலும், செல்போன் போர்டைப் பழுது பார்ப்பதானாலும், வீட்டில் சொந்தமாக சர்க்யூட் கட்டுவதானாலும் வரிசை ஒன்றுதான்.

## 1. சிப் எப்படிச் சாகிறது

இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்ற படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் போகின்றன. நாற்காலியிலிருந்து எழுந்தாலும், கம்பளத்தில் நடந்தாலும், ஸ்வெட்டரைக் கழற்றினாலும் உடம்பில் மின்னேற்றம் சேர்கிறது. அது ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தொட்ட பிறகுதான் விரலில் சுரீர் என்று நமக்குத் தெரியும். சில சிப்களோ 100 வோல்ட்டுக்கும் கீழேயே கெட்டுப்போகும். ஆகவே ‘எனக்கு ஷாக் அடிக்கவே இல்லையே’ என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. நாம் உணராத அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது.

சோதனைக் கூடங்களில் மனித உடம்பை 100 பிகோஃபாரட் கெபாசிட்டர், அதனோடு தொடராக 1,500 ஓம் ரெசிஸ்டர் என்று கணக்கில் எடுப்பார்கள். அந்தக் கணக்கின்படி 3,000 வோல்ட் ஏறிய விரல் சிப்பின் ஒரு காலைத் தொட்டால், ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்துக்கு உச்சமாக 2 ஆம்பியர் பாயும். மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையில் கேட் என்ற முனையின் அடியில் இருக்கும் ஆக்ஸைடு படலம் சில நானோமீட்டர் கனமே உள்ளது. அது துளைபட்டுவிடும்.

இரண்டாவது வழியைப் பலரும் யோசிப்பதில்லை. சிப்பே மின்னேற்றம் பெற்றிருக்கும். பிளாஸ்டிக் குழாயில் வழுக்கி வந்தாலோ, டேப்பிலிருந்து உரித்தாலோ போதும். அப்படி ஏறிய சிப் ஓர் உலோகத்தைத் தொட்டதும் அத்தனையும் ஒரு நானோநொடி அளவில் பாய்ந்து வெளியேறும். இதில் உங்கள் உடம்புக்குப் பங்கே இல்லை.

மூன்றாவது வழி தூண்டல். மின்னேறிய பிளாஸ்டிக் கவர் ஒன்று பக்கத்தில் கிடந்தாலே போர்டிலுள்ள மின்னூட்டம் இடம் மாறும். அந்த நேரத்தில் எர்த் செய்த ஒன்று போர்டைத் தொட்டால் வெளியேற்றம் நடந்துவிடும். கவர் போர்டின்மேல் படவே வேண்டாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடி வாங்கிய சிப் உடனே சாகாமல் அரைகுறையாகப் பிழைத்துக்கொள்ளும். அன்றைக்கு டெஸ்ட் செய்தால் பாஸ் ஆகும். பிறகொரு நாள் காரணமே தெரியாமல் நிற்கும். அப்போது நாம் சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சரி, மூன்று வழிகளுக்கும் மூன்று தடுப்புகள். உடம்பை எர்த் செய்கிறோம். வேலைப்பரப்பை, மின்னேற்றம் மெதுவாக இறங்கும்படி அமைக்கிறோம். பிளாஸ்டிக்கைத் தள்ளி வைக்கிறோம். இனி வரும் ஒவ்வொரு படியும் இம்மூன்றில் ஒன்றுக்காகத்தான்.

## 2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வயருள்ள ரிஸ்ட் ஸ்ட்ராப். அதன் வயருக்குள் 1 மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ஏன் என்பது 6ஆம் படியில் வருகிறது.

ஸ்டேட்டிக் மேட், அதாவது மின்னேற்றத்தை மெதுவாக இறக்கும் மேசை விரிப்பு. அதில் எர்த் வயர் மாட்டும் ஸ்னாப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டனும் வயரும் இல்லாத மேட் வெறும் ரப்பர் விரிப்புதான்.

ஸ்ட்ராப், மேட் இரண்டின் வயர்களும் வந்து சேரும் பொதுவான ஓர் எர்த் முனை. ஒரு மல்டிமீட்டர். மூடக்கூடிய ஷீல்டிங் பைகள் (உலோக அடுக்குள்ள வெள்ளி நிறப் பைகள்) தேவைக்கு அதிகமாகவே. காற்று வறண்ட இடமானால் ஈரப்பதம் காட்டும் மீட்டரும் உதவும்.

வாங்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வயர் இல்லாத ரிஸ்ட் ஸ்ட்ராப். மின்னேற்றம் வெளியேற ஒரு பாதை வேண்டும். பாதையே இல்லாத பட்டை கையில் நகை போலக் கிடக்கும், அவ்வளவுதான். சாதாரண ரப்பர் கையுறையும் ஸ்ட்ராப்புக்கு மாற்று ஆகாது. அது தானே மின்னேறக்கூடியது.

## 3. மேசையைக் காலி செய்தல்

மேட் விரிப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். விரித்த பிறகு செய்யலாம் என்று விட்டால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

தெர்மோகோல், குமிழி விரிப்பு, செல்லோ டேப் உருளை, பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில், வழவழப்பான பிளாஸ்டிக் ஃபைல் எல்லாவற்றையும் வேலை நடக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். 2,000 வோல்ட்டுக்கு மேல் மின்னேறிய பொருளுக்கு இத்துறையின் தரநிலைகள் வைத்திருக்கும் தூரம் அது. எந்தப் பொருளில் எத்தனை வோல்ட் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், எல்லாவற்றுக்கும் அதே தூரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

‘மேட்மேல்தானே வைத்திருக்கிறேன், அதில் இறங்கிவிடாதா?’ என்று கேட்பார்கள். இறங்காது. பிளாஸ்டிக் ஒரு மின்கடத்தாப் பொருள். அதன்மேல் இருக்கும் மின்னேற்றம் நகராது. எர்த் வயரை நேரே அதில் சுற்றினாலும், வயர் தொடும் புள்ளியில் மட்டும் கொஞ்சம் போகும், மீதி அப்படியே நிற்கும். தவிர்க்கவே முடியாத பிளாஸ்டிக் என்றால் அயனிக் காற்று வீசும் கருவிதான் வழி. அது நேர், எதிர் அயனிகளை ஊதி மேற்பரப்பைச் சமன்படுத்தும்.

அடுத்தது ஈரப்பதம். அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் அட்டவணையின்படி, 10 முதல் 20 சதவீத ஈரப்பதத்தில் கம்பளத்தில் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறலாம். 65 முதல் 90 சதவீதத்தில் அதே நடைக்கு 1,500 வோல்ட். முடிந்தால் 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி ஓடும் அறையிலும் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையிலும் காற்று வறண்டுபோகும் என்பதை மறக்க வேண்டாம். அதே சமயம் ‘இங்கே புழுக்கமாகத்தான் இருக்கிறது, ஸ்டேட்டிக் வராது’ என்று நினைப்பதும் தப்பு. அந்த 1,500 வோல்ட் உங்களுக்குத் தெரியாது. சிப்புக்குத் தெரியும்.

உடை விஷயம் சுருக்கமாக: பருத்தி நல்லது, பாலியஸ்டரும் கம்பளியும் தொல்லை. தொளதொள கையை மடித்துவிடுங்கள். ஸ்ட்ராப் தோலைத்தான் எர்த் செய்கிறது, சட்டையை இல்லை.

## 4. எர்த் முனையை நிறுத்துதல்

இங்கே எல்லோரும் ‘பூமி’யைப் பற்றியே யோசிக்கிறார்கள். சிப்புக்குப் பூமியைப் பற்றிக் கவலை இல்லை. அதைத் தொடும் ஒவ்வொன்றும் அதோடு ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் போதும். வித்தியாசம் இல்லாவிட்டால் பாய்வதற்கு எதுவும் இல்லை. இந்த ஒரு கருத்துதான் முழு வேலைக்கும் அடிப்படை.

அதனால் முதலில் ஒரே ஒரு பொது முனையைத் தேர்ந்தெடுங்கள். மேட் வயர், ஸ்ட்ராப் வயர், வேலை நடக்கும் கருவியின் உலோக உடல் எல்லாம் அதில் வந்து சேரட்டும். மேட்டை ஓர் இடத்திலும் ஸ்ட்ராப்பை வேறோர் இடத்திலும் மாட்டினால், இரண்டும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் நிற்க வாய்ப்பு உண்டு.

அந்தப் பொது முனையைக் கட்டடத்தின் எர்த்தோடு இணைப்பதே சிறந்தது. சாக்கெட்டின் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை சாக்கெட் டெஸ்டராலோ எலக்ட்ரீஷியனை வைத்தோ முதலில் உறுதி செய்யுங்கள். மூன்றாவது துளை இருப்பதாலேயே அதற்குப் பின்னால் வயர் இருக்கிறது என்று நம்ப முடியாது. இணைக்கும்போது, எர்த் பின் மட்டும் உலோகமாகவும் மற்ற இரண்டும் வெறும் பிளாஸ்டிக்காகவும் இருக்கும் பிளக்கைப் பயன்படுத்துங்கள். வயரை உரித்துத் துளையில் சொருகுவது, நியூட்ரலில் மாட்டுவது இரண்டும் உயிருக்கே ஆபத்து. தண்ணீர்க் குழாயில் கட்டுவது பழைய யோசனை. இப்போது பாதிக் குழாய்கள் பிளாஸ்டிக்.

நம்பகமான எர்த் கிடைக்கவில்லை என்றால் வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கேபினெட்டின் உலோக உடலையே பொது முனையாக வைத்துக்கொண்டு ஸ்ட்ராப், மேட் எல்லாவற்றையும் அதில் மாட்டுங்கள். சமநிலை கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் பாருங்கள்: கிளிப் கடிக்கும் இடத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. பெயின்ட் கடத்தாது. ஸ்க்ரூ இருக்கும் இடம், பெயின்ட் படாத உள்விளிம்பு போன்றவை ஏற்றவை.

## 5. மேட் விரித்தல்

‘எர்த் செய்ய வேண்டும், அவ்வளவுதானே’ என்று ஸ்டீல் தகட்டின்மேல் வேலை செய்யும் ஆட்கள் உண்டு. முதல் படியில் சொன்ன இரண்டாவது வழியை நினைத்துப் பாருங்கள். மின்னேறிய சிப் ஸ்டீலைத் தொட்டால் ஒரே பாய்ச்சலில் எல்லாம் வெளியேறும். அதுதான் கெடுக்கும். மேட்டின் வேலை அதை நிதானமாக இறக்குவது. கடத்தவும் வேண்டும், வேகமாகக் கடத்தவும் கூடாது.

இதனால்தான் மேட்டின் மேற்பரப்பிலிருந்து எர்த் முனை வரை 100 கோடி ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று தரநிலைகள் வரம்பு வைக்கின்றன. நல்ல மேட்கள் பொதுவாக பத்து லட்சத்துக்கும் நூறு கோடிக்கும் இடையில் இருக்கும்.

புதியவர்கள் தவறாமல் பதறும் இடம் ஒன்று இங்கே உண்டு. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் மேட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஓப்பன், இணைப்பே இல்லை என்று காட்டுகிறது, மேட் டூப்ளிகேட்’ என்பார்கள். சாதாரண மல்டிமீட்டர் சில பத்து மெகாஓம் வரைதான் அளக்கும். அதன் கூர்முனை மேட்டைத் தொடும் பரப்பும் மிகக் குறைவு. மேட்டை ஒழுங்காகச் சோதிக்க 10 அல்லது 100 வோல்ட் கொடுத்து அளக்கும் மீட்டரும் கனமான தட்டை எலக்ட்ரோடும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்னாப் பட்டனிலிருந்து எர்த் முனை வரையுள்ள வயரை மட்டுமாவது மல்டிமீட்டரில் பாருங்கள். அந்த வயரிலும் பெரும்பாலும் 1 மெகாஓம் இருக்கும். அதைக் கண்டு வயர் அறுந்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

மேட்டைத் துடைக்க, பளபளப்புக்காக சிலிக்கோன் கலந்த கிளீனர்களைத் தொடாதீர்கள். அவை கடத்தாத ஒரு படலத்தை விட்டுச் செல்லும். மேட் பார்க்க ஜோராக இருக்கும், வேலை செய்யாது. மேட்டுக்கென்றே வரும் கிளீனரோ, மிதமான சோப்பு நீரோ போதும்.

## 6. ரிஸ்ட் ஸ்ட்ராப்: மாட்டி, சோதித்து, பிறகு உட்காருதல்

பட்டையின் உள்பக்கத் தகடு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். சட்டைக் கையின்மேல் கட்டக் கூடாது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைந்தால் அது தளர்வு. கை அதிகம் ஆடாத பக்கத்தில் மாட்டுங்கள், வயர் குறுக்கே வராது.

பிறகு சோதனை. வயரின் எர்த் முனையைக் கழற்றி வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைப் பட்டையின் தகட்டிலும் வையுங்கள். ஏறத்தாழ 1 மெகாஓம் காட்ட வேண்டும். அடுத்து பட்டையைக் கட்டிக்கொண்டு, மீட்டரின் அந்த மறுமுனையை மற்றக் கை விரல்களால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். இப்போது தோலும் சேர்ந்து அளக்கப்படுகிறது. மொத்தம் 35 மெகாஓமுக்குக் கீழே இருப்பது தரநிலை. அதற்கு மேல் காட்டினாலோ, மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டாலோ, பெரும்பாலும் தோல் வறண்டிருக்கும். பட்டை படும் இடத்தைத் தண்ணீரில் லேசாக நனைத்துவிட்டு மறுபடி பாருங்கள். தினமும் நிறையப் பேர் வேலை செய்யும் இடமானால் இதற்கென்றே உள்ள டெஸ்டரை வாசலிலேயே வைத்துவிடலாம்.

இதை ஒவ்வொரு நாளும் வேலைக்கு உட்காரும் முன் செய்ய வேண்டும். வயர் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஸ்னாப்புக்கு அருகே மடங்கி மடங்கி அறுந்திருக்கும். அளக்கும்போது வயரை மெல்ல ஆட்டிப் பார்த்தால் விட்டுவிட்டு வரும் பழுதும் அகப்பட்டுவிடும்.

அந்த 1 மெகாஓம் எதற்கு? தவறுதலாக உங்கள் மறுகை 230 வோல்ட் லைனில் பட்டுவிட்டால், ஸ்ட்ராப் வழியாகப் போகும் மின்னோட்டத்தை அது 0.23 மில்லியாம்பியருக்குள் கட்டிப்போடும். ஆகவே ‘நல்ல எர்த் கிடைக்கட்டும்’ என்று அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேர் வயர் கட்டாதீர்கள்.

இதைவிட முக்கியமானது: மின்சாரம் ஓடும் மெயின்ஸ் பகுதி, திறந்த எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), மைக்ரோவேவ் அடுப்பு, பழைய பிக்சர் டியூப் டிவி ஆகியவற்றில் வேலை செய்யும்போது ஸ்ட்ராப் மாட்டவே கூடாது. அங்கே உடம்பு எர்த்தோடு கட்டுண்டிருப்பது ஆபத்து. பட்டையின் வெளிப்பக்க உலோகம் எதிலாவது உரசினால் ரெசிஸ்டர் காப்பாற்றாது. அங்கே சிப்பைவிட நீங்கள் முக்கியம்.

## 7. பையைத் திறக்கும் வரிசை

பையை மேசையில் கொட்டுவதுபோலத் திறப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் கருவியின் பவரை நிறுத்தி பிளக்கை உருவுங்கள். லேப்டாப், செல்போன் என்றால் பேட்டரி கனெக்டரையும் கழற்ற வேண்டும். பிளக்கை மாட்டியபடி சுவிட்சை மட்டும் அணைத்தால் எர்த் கிடைக்குமே என்று ஒரு யோசனை உலவுகிறது. எர்த் கிடைக்கும்தான். ஆனால் சுவிட்ச் எந்த லைனை வெட்டுகிறது, வயரிங் சரியா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. 4ஆம் படியில் சொன்ன பிளக் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

அடுத்து ஸ்ட்ராப்பை மாட்டி, எர்த் முனையில் கிளிப்பைப் பொருத்துங்கள். பொருத்திய பிறகு ஒருமுறை கண்ணால் பாருங்கள். முதல் பத்தியில் வந்தவரை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

மூடிய பையை, மூடியபடியே மேட்டில் வையுங்கள். கையால் பையைத் தொட்டபடி ஓரிரு நொடி விடுங்கள். வழியில் பை எங்கெங்கோ உரசி வந்திருக்கும். அதன் மேற்பரப்பிலுள்ள மின்னேற்றம் மேட்டிலும் உங்கள் கையிலும் இறங்கட்டும். போர்டு வெளியே வரும் முன் பை, கை, மேட் மூன்றும் சமமாகிவிட வேண்டும்.

இப்போது பையைத் திறந்து போர்டின் விளிம்பைப் பிடித்து மெல்ல எடுங்கள். சீல் டேப் ஒட்டியிருந்தால் அதைச் சர்ரென்று உரிக்காமல் வெட்டிவிடுங்கள். டேப் உரிப்பதுபோல மின்னேற்றம் உண்டாக்கும் வேலை மேசையில் வேறில்லை.

எடுத்த போர்டை நேராக மேட்டில் வையுங்கள். காலிப் பையை மடித்து ஓரமாக வைத்தால் திரும்பப் போடும்போது தேட வேண்டாம்.

சிலர் காலிப் பையை விரித்து அதன்மேல் போர்டை வைத்து பவரும் கொடுக்கிறார்கள். அந்தப் பைக்குள் உலோகப் படலம் இருக்கிறது. போர்டின் அடியிலுள்ள கூர்மையான கால்கள் மேலடுக்கைக் குத்தினால் ஷார்ட் ஆகலாம். பவர் கொடுத்துப் பார்க்க, போர்டைத் தாங்குக்கால்களில் தூக்கி நிறுத்துவது நல்லது.

## 8. கையில் பிடித்தல், கருவிகள்

விளிம்பில் பிடியுங்கள். தங்க நிறக் கனெக்டர்கள், ஐசி கால்கள், சோதனைப் புள்ளிகள் எல்லாம் நேராகச் சிப்புக்குள் போகும் கதவுகள். விளிம்பில் பிடித்தால், ஸ்ட்ராப் எங்காவது ஏமாற்றியிருந்தாலும் ஆபத்து குறைவு.

போர்டை மேட்டில் இழுத்து நகர்த்தாமல் தூக்கி வையுங்கள். உரசலே மின்னேற்றத்தின் ஊற்று.

ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கொடுப்பதும் வேண்டாம். மேட்டில் வையுங்கள், அவர் தன் ஸ்ட்ராப்போடு வந்து எடுத்துக்கொள்ளட்டும். இது அலட்டலாகத் தெரியும். ஆனால் ‘கொஞ்சம் காட்டு’ என்று நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கை நீட்டுபவர்தான் அந்த அறையிலேயே அதிகம் மின்னேறியவர்.

பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு, உங்கள் உடம்போடு தொடர்பில்லாமல் தனியாக மின்னேறி நிற்கலாம். மேட்டில் கிடக்கும்போது அது இறங்கும், எனவே கருவிகளை மேட்டிலேயே வையுங்கள். கூடுமானால் மின்னேற்றத்தை மெதுவாக இறக்கும் பிடியுள்ளவற்றை வாங்குங்கள். ஈயம் உறிஞ்சும் பம்பும் அப்படித்தான். சாதாரண பிளாஸ்டிக் பம்ப் சுண்டும்போதெல்லாம் உள்ளே உரசல் நடக்கிறது.

## 9. சால்டரிங், சுத்தம் செய்தல்

இரண்டு பின் பிளக்குள்ள சால்டரிங் அயனின் முனையில் கசிவு மின்னழுத்தம் இருக்கலாம். எர்த் பின் உள்ளதையே பயன்படுத்துங்கள். அயன் ஆறியிருக்கும்போது, பிளக்கை உருவி வைத்துக்கொண்டு, முனைக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் ஓரிரு ஓம்தான் வர வேண்டும். முனையில் ஆக்ஸைடு படிந்தால் இது ஏறும். முனையை எர்த்தோடு இணைக்கத் தனிச் சாக்கெட் உள்ள ஸ்டேஷன் என்றால் அதையும் இணையுங்கள்.

சொந்தமாக போர்டு கட்டுபவர்களுக்கு ஒரு வரிசை: ரெசிஸ்டர், கெபாசிட்டர், கனெக்டர் முதலில், ஐசி, மாஸ்ஃபெட், லேசர் டையோடு கடைசியில். மாஸ்ஃபெட் கேட்டுக்கும் சோர்ஸ் என்ற இன்னொரு முனைக்கும் நடுவே ரெசிஸ்டர் ஏற்கெனவே இருந்தால், கேட்டில் ஏறும் மின்னேற்றம் இறங்க ஒரு வழி கிடைக்கிறது. மாஸ்ஃபெட்டை முதலில் வைத்துவிட்டால் மீதி வேலை முழுக்க அதன் கேட் அந்தரத்தில் தொங்கும். லேசர் டையோடு இன்னும் நுணுக்கமானது. அதன் கால்களை ஒன்றோடொன்று ஷார்ட் செய்தபடி வைத்திருந்து, பொருத்தும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள்.

தூசி துடைக்க நைலான் பிரஷ், வீட்டு வேக்கம் கிளீனர் வேண்டாம். இரண்டும் மின்னேற்றத்தை உண்டாக்கும். ஸ்டேட்டிக் வேலைக்கென்றே வரும் கருப்பு பிரஷ் இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் முழுக்க ஆவியாகும் வரை பவர் கொடுக்காதீர்கள். அயனிக் காற்றுக் கருவியையும் அப்போது ஓட்ட வேண்டாம். ஆல்கஹால் ஆவி தீப்பற்றும்.

## 10. கேபிள் செருகுதல்

போர்டை அவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துவிட்டு, தரையில் இழுபட்ட நீள வயரை எடுத்து நேராகச் செருகுவார்கள். வயரும் மின்னேறும். செருகும் கணத்தில் அது போர்டுக்குள்ளேயே இறங்கும்.

உலோக ஓடு உள்ள கேபிளானால், செருகும் முன் அந்த ஓட்டைக் கேபினெட்டின் உலோகத்தில் ஒருமுறை தொடுங்கள். யூஎஸ்பி போன்றவற்றில் சிக்னல் கால்களுக்கு முன்பே கிரவுண்ட் தொடும்படி கனெக்டரை வடிவமைத்திருக்கிறார்கள். சென்சார் வயர், ரிப்பன் கேபிள் போன்றவற்றில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. தனித்தனி வயர்களானால் கிரவுண்ட் வயரை முதலில் மாட்டி, கழற்றும்போது கடைசியில் கழற்றுங்கள்.

## 11. திரும்பப் பையில் போடுதல்

முதலில் போர்டைப் பையில் போட்டு மூடுங்கள். அதன் பிறகே ஸ்ட்ராப்பைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்த சந்தோஷத்தில் ஸ்ட்ராப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, எழுந்து நின்று போர்டை எடுத்துப் பையில் போடுவது எல்லோரும் செய்வதுதான். காலையிலிருந்து காத்த காவல் அந்தப் பத்து நொடியில் போய்விடும்.

எந்தப் பை என்பதும் முக்கியம். இளஞ்சிவப்புப் பை தானாக மின்னேற்றம் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்காது. அதிலுள்ள ரசாயனத்தின் சக்தியும் நாளடைவில் குறையும், வறண்ட காற்றில் சரியாக வேலையும் செய்யாது. ஸ்க்ரூ, கையேடு போன்றவற்றை அதில் போடலாம். போர்டுக்கு வெள்ளி நிற ஷீல்டிங் பைதான். அதன் உலோக அடுக்கு ஒரு கூண்டு மாதிரி போர்டைச் சுற்றி நின்று வெளி மின்புலத்தை அடைக்கிறது. வாயைத் திறந்து வைத்தால் கூண்டுக்குக் கதவு இல்லை என்று பொருள். மடங்கிக் கசங்கித் துளைவிழுந்த பையை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

கருப்பு ஃபோம் தனி ஐசிக்கு அருமையானது, எல்லாக் கால்களையும் ஒன்றாக இணைத்து வைக்கும். அதே காரணத்தால், பட்டன் பேட்டரி உள்ள போர்டை அதன்மேல் வைத்தால் பேட்டரி ஃபோம் வழியாகவே மெல்லத் தீர்ந்துவிடும்.

## 12. கையில் எதுவுமே இல்லாதபோது

அவசரமாக ஒரு ராமை மாற்ற வேண்டும், ஸ்ட்ராப் இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். பிளக்கை உருவிய கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் ஒரு கையின் முன்னங்கையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். பையையும் அதே உலோகத்தில் சில நொடி வைத்து, அப்புறம் திறந்து நேராக ஸ்லாட்டுக்குக் கொண்டுபோங்கள். நடுவில் எழுந்திருக்காதீர்கள், எழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

‘ஒருமுறை உலோகத்தைத் தொட்டாயிற்று’ என்பது அந்த நொடிக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த அசைவிலேயே ஏறத் தொடங்கும். ஸ்ட்ராப் அதைத் தொடர்ந்து இறக்குவதால்தான் அதற்கு ஈடு இல்லை.

## 13. தவறு நடந்துவிட்டால்

ஸ்ட்ராப் இல்லாமல் தொட்டுவிட்டீர்கள், அல்லது விரலில் சுரீர் என்றே அடித்துவிட்டது. போர்டு ஓடுகிறதே என்று அப்படியே கருவிக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். ஒரு சிறு லேபிளில் தேதியையும், எந்தப் பக்கம் எந்தக் கனெக்டரில் பட்டது என்பதையும் எழுதி போர்டோடு வையுங்கள். வழக்கத்தைவிட அதிக நேரம், சூடேறும் வரை ஓட்டிப் பாருங்கள். அது எடுக்கும் மின்னோட்டத்தை அதே வகை நல்ல போர்டோடு ஒப்பிடுங்கள். ஒரு கால் கசியத் தொடங்கியிருந்தால் சில நேரம் இதில் காட்டிக்கொடுக்கும்.

அதன் பிறகும், யாருடைய உயிரோ தரவோ அதை நம்பியிருக்கும் இடத்தில் அந்த போர்டை நான் பொருத்த மாட்டேன். பழகுபவர்களுக்கான மேசையில் கொடுத்துவிடுவேன். அங்கே அப்படி லேபிள் ஒட்டிய போர்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. பாதி என்னுடைய கையெழுத்து.